வளைவில் நிறுத்துகிறவர்

எல்ல என்கிற ஊருக்குப் பக்கத்து மலையில் ராவணன் குகை என்று ஒன்று இருக்கிறது. நீளமான படிவரிசை ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு அதன் வாயிலில் நின்ற கனடாக்கார அம்மா ஒருவர், பின்னால் தண்ணீர்ப் போத்தல்களைத் தூக்கிக்கொண்டு வந்த எங்கள் வேன்காரரைப் பார்த்துக் கேட்டார்.

"இதுக்குள்ளதானே தம்பி, ராவணன் சீதையை ஒளிச்சு வச்சிருந்தவன்?"

"தெரியாதுங்கம்மா. நான் வர்றப்பல்லாம் வௌவால்தான் இருந்துச்சு."

அந்த அம்மாவின் முகம் தொங்கிப்போனது. நான் இடையில் புகுந்து, இந்தக் குகையிலிருந்து கதிர்காமம் வரைக்கும் சுரங்கம் போகிறது என்று ஒரு கதையை எடுத்துவிட்ட பிறகுதான் கொஞ்சம் தெளிந்தது. சுரங்கத்தைப் பற்றி எனக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்வதற்காகவா மனுஷர் விமானம் ஏறி வருகிறார்கள்?

எங்கள் இருவருக்கும் இருந்த தொழில் உறவு ஏறக்குறைய இவ்வளவுதான். பதுளை பஸ் நிலையத்துக்குக் கிட்ட எனக்கு ஒரு போட்டோகொப்பிக் கடை. தாத்தா இந்தியாவிலிருந்து வந்து புடவைக்கடை வைத்தார், அப்பா அதைச் சின்னதாக்கினார், நான் அதில் ஒரு மெஷினை வைத்தேன். சண்டை முடிந்து பாதைகள் திறந்தபோது, யாழ்ப்பாணத்திலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் கதிர்காமம் போகிற சாக்கில் ஊவா மாகாணத்தின் பழைய கோயில்களையெல்லாம் பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். என் கடையில் நின்று வழி கேட்டார்கள். வழி சொன்னவன், மெல்ல வேன் பிடித்துக் கொடுப்பவனானேன். பிறகு ஒவ்வொரு கோயிலுக்கும் வரலாறு எழுதி நோட்டீஸ் அடித்துக் கொடுப்பவனும் ஆனேன். கையில் மெஷின் இருந்தது, காகிதம் இருந்தது, கற்பனைக்கும் பஞ்சமில்லை.

அவருடைய வேன் பஸ் நிலையத்துக்கு எதிரே நிற்கும். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஒல்லி. வெள்ளைச் சட்டை, அதன் பையில் எப்போதும் ஒரு சூடப் பெட்டி. அதனால் வேனுக்குள் ஏறினாலே கோயிலுக்குள் போன மாதிரி வாசம் வரும். ஆனால் கண்ணாடியில் ஒரு சாமி படம்கூட ஒட்டியிருக்க மாட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "ரோடு மறைக்குதுங்க" என்றார்.

அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. எந்தக் கோயிலில் ஐயர் பதினொரு மணிக்கே கதவைச் சாத்திவிட்டுப் போவார், எங்கே பெண்கள் கால்கழுவத் தண்ணீர் இருக்கும், வெலிமடைப் பாதையில் மரக்கறி லொறிகள் எத்தனை மணிக்கு இறங்கும், எந்தக் கடையின் சம்பலில் மாசிக் கருவாடு போட மாட்டார்கள், எல்லாம் தெரியும். தன் கண்ணால் பார்த்ததை அளந்து சொல்வார். பார்க்காதது என்றால் "தெரியாதுங்க." அதைச் சொல்லும்போது அவருக்கு வெட்கமும் கிடையாது, வருத்தமும் கிடையாது. மழை பெய்கிறது என்பது போலச் சொல்வார்.

"இந்தக் கோயில் எத்தன வருசம் பழசு டிரைவர்?"

"நான் முப்பது வருசமா பாக்குறேன். அதுக்கு முன்னாடி தெரியாதுங்க."

இதுதான் அவருடைய தலபுராணம். எல்லாக் கோயிலுக்கும் இது ஒன்றேதான்.

என் நோட்டீஸ்களை அவர் ஒன்றுவிடாமல் படிப்பார். ஸ்டியரிங்கில் விரித்து வைத்து, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டுப் படிப்பார். முடிந்ததும் நான்காக மடித்துத் திருப்பித் தருவார்.

"இத யாரு தம்பி பாத்தாங்க?"

"பெரியவங்க சொன்னதுண்ணே."

"எந்தப் பெரியவங்க?"

இப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்வது? எனக்கு எரிச்சலாக வரும். இருந்தாலும் அவரை விட்டு வேறு வேனைப் பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. வந்துபோன குடும்பங்கள் அடுத்த முறை என்னைத் தேடுவதில்லை. "அந்தத் தெரியாதுக்காரர் இருக்கிறாரா?" என்றுதான் போன் எடுப்பார்கள்.

ஒருமுறை திருச்சிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அவருடைய தாத்தா ஹல்துமுல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் கங்காணியாக இருந்தவராம். அங்கே ஒரு மாரியம்மன் கோயில் கட்டி, தன் பெயர் வெட்டிய மணி ஒன்றைத் தொங்கவிட்டாராம். அந்தக் கோயிலில் ஒரு தடவை விழுந்து கும்பிட்டுவிட்டுச் செத்துப்போனால் போதும் என்று வந்திருந்தார். தோட்டத்தின் பெயர் சரியாக இருந்தது. போனோம். கோயிலும் இருந்தது. கோபுரம் புதிது, மணியும் புதிது. "பழைய மணி உடைஞ்சிருக்கும், இதுதான் கோயில்" என்று நான் சொல்ல, பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தரையில் விழப்போனார்.

"கொஞ்சம் இருங்கய்யா" என்றார் வேன்காரர்.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குள் போய்விட்டு அரைமணி நேரம் கழித்து வந்தார்.

"இது அந்தக் கோயில் இல்லைங்கய்யா. இது வேற டிவிசன் ஆளுங்க வந்து கட்டுனது. பழைய கோயில் இருந்த மலை எப்பவோ சரிஞ்சு போச்சாம். எந்த எடம்னு சொல்றதுக்கு இப்ப ஆளில்லை."

பெரியவர் சுற்றிலும் பார்த்தார். நாலாபக்கமும் தேயிலை.

"அப்ப நான் எந்தப் பக்கமா விழுந்து கும்பிடுறது?"

"தெரியாதுங்கய்யா."

பெரியவர் விழவே இல்லை. நின்ற இடத்திலேயே கையைக் கூப்பி, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு வேனில் ஏறி உட்கார்ந்தார். பண்டாரவளை வரும்வரை ஜன்னல் வழியே தேயிலையையே பார்த்துக்கொண்டு வந்தார். அவரை ஹோட்டலில் இறக்கிவிட்டதும் கேட்டேவிட்டேன்.

"ஏண்ணே, ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கொறைஞ்சா போயிருவீங்க?"

அவர் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவரு ஊருக்குப் போயி மகன்கிட்ட சொல்லுவாரு. அவன் அவனோட மகன்கிட்ட சொல்லுவான். நான் சொன்னதுல இருந்துல்ல தம்பி அது ஆரம்பிக்கும்."

இப்படிப்பட்டவர் ஒரே ஒரு இடத்தில் மட்டும் வேறு மாதிரி நடந்துகொள்வார். அதை நான் கவனித்தேன், ஆனால் யோசிக்கவில்லை.

அந்த இடமும் ஹல்துமுல்லைப் பக்கம்தான். மெயின் ரோட்டை விட்டு மேலே ஏறும் ஒரு தோட்டப் பாதை. அவர் பிறந்த தோட்டம் அது. கலவர வருஷங்களில் மேல் லயத்துப் பழைய குடும்பங்கள் எல்லாம் வடக்கே வன்னிப் பக்கமும் இந்தியாவுக்குமாகப் போய்விட, இவர் மட்டும் கீழே டவுனுக்கு வந்து லொறிக் கிளீனராகி, பிறகு டிரைவரானார். இப்போது மேல் லயத்தில் இருப்பவர்கள் வேறு வேறு தோட்டங்களிலிருந்து வந்து சேர்ந்தவர்கள். அவர்களுக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் ஒரு கூரான வளைவு. வளைவில் ஒற்றை டர்பன்டைன் மரம். அதன் அடியில், தகரக் கூரைக்குக் கீழே, வளைவு அம்மன்.

அம்மன் என்றால் சிலை இல்லை. முழங்கை நீளத்துக்கு நட்டுவைத்த உருளைக் கருங்கல், மஞ்சள் பூசிய உடம்பு, குங்குமம். செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து வேலை தொடங்கும் நாளில் ஆண்கள் தங்கள் கத்திகளை அந்தக் கல்லுக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் தேயிலைக்குள் இறங்குவார்கள். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் முதல் கொழுந்தை அங்கே கிள்ளிப் போடுவார்கள். அந்தப் பாதையில் போகும் எந்த வாகனமும் வளைவில் நிறுத்தாமல் போகாது. நிறுத்தாமல் போன ஒரு டிராக்டர் அடுத்த வாரமே ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் கவிழ்ந்தது என்று சொல்வார்கள்.

அந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்ததே எங்கள் வேன்காரர்தான் என்று லயத்தில் சொன்னார்கள். லொறி ஓட்டிய காலத்திலேயே அவர் அங்கே நிறுத்துவாராம். அவர் நிறுத்துவதைப் பார்த்து மற்றவர்களும் நிறுத்தினார்களாம். எங்களோடு வரும்போதும் அப்படித்தான். என்ன அவசரமானாலும், மழையானாலும், வளைவில் வேன் நிற்கும். இறங்குவார். கல்லின் மேல் விழுந்து கிடக்கும் இலைகளைக் கையால் எடுத்துப் போடுவார். பையிலிருந்து ஒரு சூடத்தை எடுத்துக் கொளுத்துவார். கும்பிட மாட்டார். சூடம் அணையும்வரை சும்மா பார்த்துக்கொண்டு நிற்பார்.

வந்தவர்களில் யாராவது, "இது எவ்வளவு பழசு?" என்று அவரிடம் கேட்டால், தெரியாது என்று சொல்ல மாட்டார். டயரைத் தட்டிப் பார்க்கப் போய்விடுவார். இல்லாவிட்டால் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவார். நான் முந்திக்கொண்டு என் நோட்டீஸை நீட்டுவேன். அதில் நான் எழுதியிருந்தது எனக்கு இன்றும் மனப்பாடம்:

'இங்குள்ள மூர்த்தம் மனிதக் கையால் செய்யப்படாத சுயம்பு. சோழர் இந்த மலைகளுக்கு வருமுன்பே வழிபாட்டில் இருந்தது. கல்லின் நடுப்பகுதி சற்றே தேய்ந்து ஒடுங்கியிருப்பது, பல நூற்றாண்டுகளாக இடைவிடாது நடந்துவரும் அபிஷேகத்தின் சாட்சி.'

அந்தத் தேய்மானத்தை நான் கவனித்து எழுதியதில் எனக்கு ஒரு பெருமை. மற்ற நோட்டீஸ்களைப் போல் முழுக்க அவிழ்த்துவிடவில்லை, நேரில் பார்த்ததை வைத்து எழுதியிருக்கிறேன் என்று நினைத்தேன். அந்த நோட்டீஸையும் அவரிடம் படிக்கக் கொடுத்தேன். விரல் கடைசி வரியில் கொஞ்சம் அதிக நேரம் நின்றது. வழக்கமான கேள்வியை அன்றைக்கு அவர் கேட்கவில்லை.

அந்தப் பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெயில் காலத்தில் வேன் திக்கித் திணறி ஏறும். மழை பிடித்துவிட்டால் அதுவும் இல்லை, செம்மண்ணும் கல்லும் ஓடையாகிவிடும். லயத்தில் யாருக்காவது முடியாமல் போனால், கம்பளியைத் தூளி மாதிரிக் கம்பில் கட்டி, அதில் ஆளைப் படுக்கவைத்து, இரண்டிரண்டு பேராகத் தோள் மாற்றிக்கொண்டு மெயின் ரோடு வரை தூக்கிவருவார்கள். இதை நான் கேள்விப்பட்டிருந்தேன். டவுனில் பிறந்தவன் கேள்விப்படுவதற்கும் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. ஒருநாள் நாங்கள் ஏற முடியாமல் கீழே நின்றபோது, ஒரு கிழவரை அப்படித் தூக்கிவந்தார்கள். தூளிக்கு வெளியே அவருடைய ஒரு கால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. வேன்காரர் அவரை வாங்கிப் பின் சீட்டில் கிடத்தி, வந்திருந்தவர்களை ரோட்டோரத்தில் இறக்கிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போனார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்கு அடுத்த வருஷம், பழைமையான வழிபாட்டு இடங்களுக்குப் போகும் பாதைகளுக்குக் கொங்கிரீட் போடும் அரசாங்கத் திட்டம் ஒன்று வந்தது. லயத்து ஆட்கள் மனுப் போட்டார்கள். மனுவோடு என் நோட்டீஸையும் இணைத்திருந்தார்கள். கோயில் பழையது என்று உறுதியானால் பாதை வரும், இல்லையென்றால் இல்லை. மனிதர் நடக்கப் பாதை கேட்டு எத்தனையோ தடவை எழுதிப் பார்த்துவிட்டார்கள். சாமிக்கு என்று கேட்டபோதுதான் ஒரு உத்தியோகத்தர் விசாரிக்க வந்தார்.

நாங்களும் அன்று அங்கே இருந்தோம். லயத்துத் தலைவர்தான் வரச் சொல்லியிருந்தார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து வேலைக்குப் போகாமல் பாதிப் பேர் வளைவில் கூடியிருந்தார்கள். உத்தியோகத்தர் சிங்களவர், நன்றாகத் தமிழ் பேசினார். நாலைந்து வயசாளிகளை அழைத்து ஒவ்வொருவராகக் கேட்டார். அவர்கள் என் நோட்டீஸை அப்படியே ஒப்பித்தார்கள். ஒரு கிழவி 'மூர்த்தம்' என்றே சொன்னாள். உத்தியோகத்தர் எழுதிக்கொண்டார். முகத்தில் நம்பிக்கை இல்லை. பிறகு பேனாவை மூடிவிட்டு, கூட்டத்துக்குப் பின்னால் வேனில் சாய்ந்து நின்றவரைப் பார்த்தார்.

"உங்களை எனக்குத் தெரியும். எங்க குடும்பத்த ஒருக்கா கதிர்காமம் கூட்டிட்டுப் போனீங்க. வழியெல்லாம் என் மகள் கேட்டதுக்குத் தெரியாது தெரியாதுன்னு சொன்னீங்க."

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"நீங்க இந்தத் தோட்டத்துல பிறந்தவர்னு சொன்னாங்க. நீங்க சொல்லுங்க. இந்தக் கல்ல யார் வச்சது? எப்ப வச்சது?"

தலைவர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். இந்த மனுஷன் வழக்கம்போல ஏதாவது சொல்லிக் கெடுத்துவிடப் போகிறார் என்றுதான் பயந்தேன். அவர் கல்லைப் பார்த்தார். அதன் மேல் ஒரு இலை கிடந்தது. போய் அதை எடுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார்.

"தெரியாதுங்க. எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்ல இருந்து இருக்கு."

உத்தியோகத்தர் தலையை ஆட்டினார். பேனாவைத் திறந்து, அதை மட்டும் நிதானமாக எழுதினார்.

திரும்பி வரும்போது எனக்கு ஒரே குஷி. அவருடைய தெரியாது ஒருநாள் இப்படிப் பயன்படும் என்று யார் கண்டது, என்று பேசிக்கொண்டே வந்தேன். ஹல்துமுல்லையில் ஒரு கடையில் நிறுத்திப் பிளேன்டீ சொன்னோம். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

"தம்பி, இன்னிக்கு நான் ஒரு பொய் சொல்லிட்டேன்."

"என்னண்ணே?"

"அந்தக் கல்லு எங்க வீட்டு அம்மிக் கொழவி."

எனக்குப் புரியவில்லை. அவர் வழக்கம்போல் அளந்து, பார்த்ததை மட்டும் சொன்னார்.

அப்போது அவருக்குப் பதினாறு வயது. அக்காவுக்கு முதல் பிரசவம். பகல் நேரம்தான், ஆனால் மூன்று நாளாக விடாத மழை. கம்பளியில் கட்டித் தூக்கினார்கள். முன்பக்கத்துக் கம்பில் ஒரு தோள் இவருடையது. அந்த வளைவில் தோள் மாற்ற இறக்கினார்கள். திரும்பத் தூக்கியபோது அக்கா பேசவில்லை. பிள்ளையும் இல்லை. எட்டாம் நாள் அம்மா, வீட்டு அம்மியிலிருந்து குழவியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்துபோய், அக்காவை இறக்கிய இடத்தில் நட்டார். மஞ்சள் பூசினார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

"அதுக்கப்புறம் எங்க வீட்டுல மொளகா அரைக்கல. அம்மா சாகுற வரைக்கும் பக்கத்து வீட்டு அம்மியிலதான் அரைச்சோம்" என்றார். "நடுவுல தேஞ்சிருக்குன்னு எழுதியிருந்தீங்களே, அது அம்மா கை."

வாழ்க்கையில் நான் அடித்துவிட்ட எத்தனையோ கதைகளில் அந்த ஒரு வரிக்காகத்தான் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதை அப்போது அவரிடம் சொல்லவில்லை. வேறு எதையோ கேட்டேன்.

"வேற யாருக்குத் தெரியும்ண்ணே?"

"தூக்குனவங்க ரெண்டு பேரு செத்துட்டாங்க. ஒருத்தரு இந்தியாவுக்குப் போயிட்டாரு. வன்னிக்குப் போனவங்க திரும்பல. இங்க நான்தான்."

"அப்ப சொல்லியிருக்கலாமே, இப்படி ஒரு பொம்பளப் புள்ள ரோடு இல்லாம செத்துப்போன எடம்னு?"

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, நான் டவுன்காரன் என்பது மட்டும் இருந்தது.

"அதுக்கு ரோடு போடுவாங்களா தம்பி?"

ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார்.

பாதை வந்தது. அகலமில்லாத, ஆனால் நல்ல கொங்கிரீட் பாதை. வளைவில் மூன்று மொழியிலும் ஒரு போர்டு வைத்தார்கள். தமிழில் இருந்தது என் வாசகம், அபிஷேகத்தின் சாட்சி உட்பட. அதை எடுத்துவிடச் சொல்லலாமா என்று அவரிடம் கேட்டேன். "இருக்கட்டும். எடுத்தா ஏன்னு கேப்பாங்க" என்றார்.

அதற்குப் பிறகு அவரிடம் ஒரு மாற்றம் வந்தது. அவரால் தெரியாது என்று சொல்ல முடியவில்லை. எந்தக் கோயிலாக இருந்தாலும், யாராவது வயதைக் கேட்டால், "போர்டு இருக்குங்க, படிச்சுப் பாருங்க" என்பார். போர்டு இல்லாத இடத்தில், "தம்பிகிட்ட கேளுங்க" என்று என்னைக் காட்டுவார். போன் எடுப்பவர்கள் இன்னமும் தெரியாதுக்காரரைத்தான் கேட்டார்கள். வந்து பார்த்தவர்களுக்குச் சப்பென்று இருந்திருக்கும். எனக்கும் கதை வரவில்லை. சுரங்கத்தைப் பற்றி வாயைத் திறந்தால் அவர் காதில் விழுமோ என்று குரல் இறங்கிவிடும்.

அவர் இப்போது மொனராகலையில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று கேள்வி. வேனை விற்றுவிட்டார். நான் கோயில் பயண வேலையை விட்டுவிட்டேன், பழையபடி கொப்பி எடுக்கிறேன். அவரை நினைக்கும்போது எனக்கு அந்த உத்தியோகத்தர் வந்த நாளைவிட, அதற்கு இரண்டு வருஷம் கழிந்த ஒரு பகல்தான் முதலில் வரும்.

வளைவு அம்மன் திருவிழாவுக்கு எத்தனை வேன் வேண்டும் என்று பேச நாங்கள் இருவரும் மேல் லயத்துக்குப் போயிருந்தோம். நல்ல மழை. தலைவர் வீட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது கீழ்வீட்டு அம்மா ஒருவர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். மகளுக்கு வலி எடுத்துவிட்டது, நாள் இன்னும் இருந்தது, ஆம்புலன்ஸ் வர நேரமாகுமாம். வேன்காரர் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுச் சாவியை எடுத்தார். பெண்ணைப் பின் சீட்டில் படுக்க வைத்தோம். தாய் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார். நான் முன்னால் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பிள்ளை பிறந்தது. பெண் குழந்தை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் நடந்தது.

வேன் கொங்கிரீட்டில் இறங்கி வளைவை நெருங்கியது. தாய் ஒரு கையால் மகளைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சூடத்தை எடுத்தார். டர்பன்டைன் மரம் தெரிந்தது. பிறகு தகரக் கூரை. என் கையும் பழக்கத்தில் கதவுப் பிடிக்குப் போனது. வேன் வேகம் குறையவில்லை.

"அண்ணே, வளைவு வந்துருச்சு. நிப்பாட்டுங்கண்ணே" என்றார் தாய்.

அவர் கியரை மட்டும் மாற்றினார்.

"ஒரு சூடம் கொளுத்திட்டுப் போயிருவோம்ண்ணே. நிப்பாட்டாமப் போனா ஆத்தா கோவிச்சுக்கும்."

நான் அவரைப் பார்த்தேன். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், மரத்தையும் கல்லையும் கடந்து ஓட்டினார்.

"கோவிச்சுக்காதும்மா" என்றார். "எனக்குத் தெரியும்."